உள்ளூர் நிவாரண அமைப்புகளுக்கு அவசரகாலப் பயிற்சி: திட்டமிடுவதிலிருந்து ஒத்திகை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளமோ நிலநடுக்கமோ, இடிபாட்டிலிருந்து முதல் ஆளை வெளியே இழுப்பவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அடுத்து வந்து நிற்பது அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சிறு அமைப்பு: ஒரு பெண்கள் சங்கம், ஒரு இளைஞர் மன்றம், ஒரு அறக்கட்டளை, செஞ்சிலுவைச் சங்கத்தின் கிளை. பெரிய நிறுவனங்களின் வண்டிகள் வருவதற்குள் உயிர் காப்பதற்கான நேரம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த மதிப்பீடுகளும் இதையே சொல்லின.

2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சிமாநாட்டில் நிதி தரும் நாடுகளும் நிவாரண நிறுவனங்களும் செய்துகொண்ட 'கிராண்ட் பார்கெய்ன்' என்ற உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2020க்குள் மனிதநேய நிதியில் குறைந்தது 25 விழுக்காடு உள்ளூர், தேசிய அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அந்த இலக்கு எட்டப்படவில்லை. பணத்தைவிட வேகமாகப் பயிற்சிகள்தாம் போய்ச் சேர்ந்தன. பல அமைப்புகளில் அலமாரி நிறையச் சான்றிதழ் இருக்கும். ஆனால் மழை கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட பயிற்சித் திட்டத்தைப் பொறுப்பேற்று நடத்துபவருக்கானது. இதன் அடிப்படை ஒன்றுதான்: பயிற்சி தனி ஆளுக்கு அளிக்கப்பட்டாலும், மாற வேண்டியது அமைப்பின் பழக்கம். பேரிடரின் முதல் மூன்று நாளில் அந்த அமைப்பு வேறு விதமாக நடந்துகொண்டால் திட்டம் வெற்றி. பங்கேற்பாளர்கள் 'மிக நன்று' என்று படிவத்தில் எழுதிக் கொடுப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

படி 1: கடைசியாக நடந்த நிவாரணப் பணியைப் பிரித்துப் பாருங்கள்

பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அந்த அமைப்பு கடைசியாகச் செய்த நிவாரணப் பணி ஒன்றை எடுத்து, சுவரில் நீளமாகத் தாள் ஒட்டி, மணிவாரியாக எழுதச் சொல்லுங்கள். செய்தி எப்போது தெரிந்தது? முதல் ஆள் எப்போது களத்துக்குப் போனார்? பணம் எப்போது கையில் வந்தது? முதல் பொருள் எப்போது வழங்கப்பட்டது? யார் விடுபட்டார்கள், அது எப்போது தெரியவந்தது?

இயக்குநரிடம் மட்டும் கேட்டால் ஒழுங்கான கதை ஒன்று கிடைக்கும். கணக்காளர், கிடங்குப் பொறுப்பாளர், ஓட்டுநர், பெண் தன்னார்வலர்கள், நிவாரணம் பெற்றவர்கள் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடங்களில்தான் உங்கள் பயிற்சிக்கான பொருள் இருக்கிறது.

தெரியவரும் ஒவ்வொரு குறையையும் மூன்றில் ஒன்றாகப் பிரியுங்கள். தெரியாததால் நடக்கவில்லையா, நடைமுறை இல்லாததால் நடக்கவில்லையா, பணமோ பொருளோ இல்லாததால் நடக்கவில்லையா? தேவை மதிப்பீட்டுக் குழு நான்காம் நாள்தான் கிளம்பியது என்று வைத்துக்கொள்வோம். கேள்விப் படிவம் போடத் தெரியாமல் தாமதித்திருந்தால் வகுப்பு உதவும். வண்டிக்கு டீசல் போடக் கையெழுத்திட வேண்டியவர் ஊரில் இல்லாததால் தாமதித்திருந்தால் எத்தனை வகுப்பு எடுத்தும் பயனில்லை. அதிகாரப் பகிர்வு பற்றி ஒரு பக்க ஆணை போதும். நடைமுறைக் குறைகளை அறியாமையாக எண்ணி வகுப்பு போடுவதில்தான் இத்துறையில் நிறையப் பணம் வீணாகிறது.

இன்னொன்று. தன்மதிப்பீட்டுப் படிவம் கொடுத்தால் அமைப்புகள் தங்களுக்குத் தாங்களே தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொள்வது இயல்பு. அடுத்த நிதி அந்தத் தாளைப் பொறுத்தது என்று நினைத்தால் யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். இந்த ஆய்வின் முடிவு நிதி முடிவுகளைப் பாதிக்காது என்று எழுத்தில் கொடுங்கள். கொடுக்க முடியாத நிலையில் நீங்கள் இருந்தால், ஆய்வை நிதி வழங்குநரோடு தொடர்பில்லாத வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

படி 2: தலைமையோடு ஒரு பக்க உடன்பாடு

எத்தனை பேர், எந்தப் பொறுப்பில் உள்ளவர்கள் வருவார்கள், அவர்கள் இல்லாத நாட்களில் வேலையை யார் பார்ப்பது, பயிற்சிக்குப் பின் அமைப்பு எந்தெந்த நடைமுறையை மாற்றும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பக்கத்துக் கடமையும் அதில் இருக்க வேண்டும். குறிப்பாக ஆள் பிடிப்பது பற்றி. பெரும் பேரிடர்களில் சர்வதேச நிறுவனங்கள் வந்து இறங்கியதும், உள்ளூர் அமைப்பின் திறமையான ஊழியர்களைக் கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொள்வது பழைய வழக்கம். சுனாமிக் காலத்தில் இது பெரிய குறையாகவே பேசப்பட்டது. நீங்கள் பயிற்சி அளித்தவரை நீங்களே வேலைக்கு எடுத்துக்கொண்டால் அது திறன் வளர்ப்பாகாது. குறிப்பிட்ட காலத்துக்கு எடுப்பதில்லை, அவசியம் நேர்ந்தால் அமைப்பின் சம்மதத்தோடும் ஈட்டுத்தொகையோடும் என்று எழுதிவிடுங்கள்.

படி 3: கண்ணால் பார்க்கக்கூடிய இலக்கு

'பேரிடர் மேலாண்மை பற்றிய புரிதல் மேம்படும்' என்ற வாக்கியத்தைத் திட்ட அறிக்கையிலிருந்து அடித்துவிடுங்கள். அதை யாரும் பார்க்கவும் முடியாது, அளக்கவும் முடியாது. இப்படி எழுதுங்கள்: 'தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் நான்கு பேர் கொண்ட குழு மூன்று இடங்களில் துரித மதிப்பீடு செய்து இரண்டு பக்க அறிக்கை தரும்.' 'இயக்குநர் இல்லாதபோதும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட தொகை வரை இரண்டாம் நிலைப் பொறுப்பாளர் செலவழிக்க முடியும்.' இத்தகைய இலக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

படி 4: யார் வர வேண்டும்

எல்லாப் பயிலரங்கிலும் ஒரே முகம் தெரியும். ஆங்கிலம் தெரிந்தவர், பேசத் தெரிந்தவர், பயணம் போக வசதி உள்ளவர். அவரையும் அழையுங்கள், ஆனால் அவரை மட்டும் அழைக்காதீர்கள். ஒவ்வோர் அமைப்பிலிருந்தும் குறைந்தது மூவர் வர வேண்டும்: களத்தில் இறங்குபவர், பணத்தைக் கையாள்பவர், முடிவெடுப்பவர். தனியாக வந்தவர் திரும்பிப் போய் எதையாவது மாற்றச் சொன்னால் 'பயிற்சிக்குப் போய்வந்த மப்பு' என்று சிரிப்பார்கள். மூவராகப் போனால் பேச்சு எடுபடும்.

பெண்கள் வர வேண்டும் என்று அழைப்பிதழில் எழுதினால் மட்டும் போதாது. இரவு தங்க வேண்டியிராத இடம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, போக்குவரத்துச் செலவு முன்பணமாக. இம்மூன்றும் இருந்தால் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளையும் அழையுங்கள். முகாமில் சறுக்குப்பாதை இல்லை என்பதை அறிக்கை எழுதுபவரைவிட அவர்கள் முன்னதாகவே சொல்லிவிடுவார்கள்.

படி 5: பாடம், அதாவது முடிவெடுக்கும் பயிற்சி

மனிதநேயம், பாரபட்சமின்மை, நடுநிலை, சுதந்திரம் என்ற நான்கு கோட்பாடுகளில் எல்லாரும் தொடங்குகிறார்கள். ஐ.நா. பொதுச்சபையின் 1991 தீர்மானம் முதல் மூன்றையும் சொன்னது. நான்காவது பின்னர் சேர்ந்தது. இதை மனப்பாடம் செய்யவைப்பதில் பயனில்லை. உள்ளூர் அமைப்புக்கு நடுநிலை என்பது சொந்தக்காரர்கள் நடுவே காக்க வேண்டிய ஒன்று. வெளியூரிலிருந்து வந்தவர் ஆறு மாதத்தில் போய்விடுவார். இவர்கள் அதே தெருவில் இருக்க வேண்டும். ஆகவே இக்கட்டு ஒன்றைக் கொடுங்கள். 'செல்வாக்குள்ள ஒருவர் லாரி தருகிறார், வழங்கும்போது தன் படம் போட்ட பதாகை வேண்டும் என்கிறார், வேறு லாரி இல்லை.' என்ன செய்வீர்கள், அவரிடம் எந்த வார்த்தைகளில் சொல்வீர்கள்? நடித்தே காட்டச் சொல்லுங்கள்.

தரநிலைகளுக்கு வருவோம். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரநிலைகளைச் சொல்வது ஸ்பியர் கையேடு. 1997இல் தொடங்கிய ஸ்பியர் திட்டத்தின் இந்தக் கையேடு 2018இல் நான்காம் பதிப்பாக வந்தது. அதிலுள்ள எண்களைப் படவில்லையில் காட்டினால் மறந்துவிடும். கணக்காகப் போடவைத்தால் மறக்காது. நான் பரிந்துரைக்கும் கணக்கு இது. ஒரு பள்ளிக்கூடத்தில் 1,200 பேர் தங்க வந்திருக்கிறார்கள். வகுப்பறைகள் 20, ஒவ்வொன்றும் 50 சதுர மீட்டர். ஏற்பாடு செய்யுங்கள்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றால் 18,000 லிட்டர். 250 பேருக்கு ஒரு குழாய் என்றால் ஐந்து குழாய். கழிப்பறை, தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று என்றால் 24. நிலைமை சற்றுச் சீரானதும் 20 பேருக்கு ஒன்று என்றால் 60. பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரித்தால் முதல் 24இல் 18 பெண்களுக்குப் போகும். இதுவரை குழுக்கள் உற்சாகமாகப் போடும். அடுத்து இடம். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்றால் 4,200 சதுர மீட்டர் வேண்டும். கையில் இருப்பதோ 1,000. அதில் 285 பேர்தான் தங்க முடியும்.

அறையில் ஒரு மௌனம் விழும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. மீதிப் பேரை வெளியே அனுப்ப முடியாது. வேறு கட்டடம் தேடுவதா, உறவினர் வீடுகளில் தங்கியவர்களுக்கு உதவி தந்து நெரிசலைக் குறைப்பதா, முதல் சில நாள் நெரிசலை ஏற்றுக்கொண்டு காற்றோட்டத்தையும் கழிப்பறைகளையும் முன்னிறுத்துவதா? எண்ணை எட்ட முடியாதபோது, ஏன் எட்டவில்லை, அதனால் யாருக்கு என்ன தீங்கு வரும், அதைக் குறைக்க என்ன செய்கிறோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் அந்தக் கையேட்டைச் சரியாகப் பயன்படுத்தும் முறை. எண்களைச் சட்டமாக நினைப்பவர் இரண்டு நாளில் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

பயனாளிப் பட்டியல் தயாரிப்பதற்குத் தனி அமர்வு வேண்டும். பட்டியலில் பெயர் விடுபடுபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவர்கள்: வாடகைக்கு இருப்பவர், ஆவணம் இல்லாதவர், தனித்து வாழும் முதியவர், ஊருக்கு வெளியே குடியிருப்பவர். பட்டியலை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வாங்குவது விரைவான வழிதான். ஆனால் அதை இன்னொரு வழியில் சரிபார்க்க நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். பெயர், தொலைபேசி எண், உடல்நிலை, குடும்ப நிலவரம் எல்லாம் அதில் இருக்கும். மோதல் நடக்கும் பகுதியில் அது உயிருக்கே ஆபத்து.

பாலியல் சுரண்டலுக்கு எதிரான விதிகளைக் கடைசி நாள் மாலையில், எல்லாரும் பேருந்து நேரம் பார்க்கும்போது நடத்துவது வழக்கமாகிவிட்டது. இரண்டாம் நாள் காலைக்கு மாற்றுங்கள். மனிதநேய நிறுவனங்களின் கூட்டு நிலைக்குழு 2002இல் வகுத்த ஆறு அடிப்படை விதிகள் 2019இல் புதுப்பிக்கப்பட்டன. உதவிக்கு ஈடாகப் பாலுறவு கேட்பது வேலைநீக்கத்துக்குரிய குற்றம், 18 வயதுக்குட்பட்டவரோடு எந்த நிலையிலும் கூடாது, வயது தெரியாது என்பது சாக்காகாது, சந்தேகம் வந்தாலே புகார் செய்வது கடமை. விதிகளைச் சொல்வது எளிது. உங்கள் அமைப்பில் புகார் யாரிடம் போகும், அவர் மீதே புகார் வந்தால் எங்கே போகும் என்று கேளுங்கள். பல அமைப்புகளுக்கு இரண்டாம் கேள்விக்கு விடை இருக்காது.

நிதியும் கொள்முதலும் அடுத்து. மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும் என்ற விதி சாதாரண நாளுக்கானது. அவசரகாலத்தில் எந்தத் தொகை வரை விலக்கு, யார் அனுமதி, என்ன எழுதிவைக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர்களோடு விலையைப் பேசிவைத்து ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தம் ஒன்று இருந்தால், முதல் நாளில் பல மணி நேரம் மிச்சமாகும். கணக்காளருக்கும் களப்பணியாளருக்கும் உள்ள மனக்கசப்பை இந்த அமர்வு வெளியே கொண்டுவரும், வரட்டும்.

ஐ.நா.வின் 2005 சீர்திருத்தத்தில் வந்த துறைவாரி ஒருங்கிணைப்பு முறையை, அதாவது தண்ணீர், தங்குமிடம், சுகாதாரம் என்று துறைதோறும் நிறுவனங்கள் கூடிப் பேசும் ஏற்பாட்டை, ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். எந்தக் கூட்டத்துக்கு யார் போவது, போய் எதைக் கேட்டு எதைச் சொல்லி வருவது என்பது தெரிந்தால் போதும். ஊழியர்களின் மனநலனையும் விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி 'பார், கேள், இணை' என்று மூன்று செயல்களாகச் சொல்கிறது. அதைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்லாமல் தங்களுக்குள்ளும் பயன்படுத்தப் பழக்குங்கள். உள்ளூர் ஊழியரின் வீடும்தான் தண்ணீரில் மூழ்கியிருக்கும்.

படி 6: பயிற்றுநரும் மொழியும்

பங்கேற்பாளர்களின் மொழியில் நடத்துங்கள். மொழிபெயர்த்து நடத்துவதானால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள், பாடத்தைப் பாதியாக்குங்கள். பயிற்றுநர்கள் இருவராக இருப்பது நல்லது: ஒருவர் கற்பிக்கத் தெரிந்தவர், மற்றவர் நிவாரணப் பணியைச் செய்து பார்த்தவர். இரண்டும் ஒருவரிடமே இருப்பது அரிது.

படி 7: இடைவெளி விட்டு நடத்துங்கள்

ஐந்து நாள் தொடர்ந்து நடத்தினால் செலவு குறையும், மறதி கூடும். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே சோதித்துக் காட்டிவிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நிலைக்கிறது என்பதும் அவர் கண்டதே. இரண்டிரண்டு நாளாக மூன்று சுற்று, நடுவில் நான்கு முதல் ஆறு வாரம். ஒவ்வோர் இடைவெளியிலும் அமைப்புக்குள் முடிக்க ஒரு வேலை: தொலைபேசிப் பட்டியல், இருப்புப் பட்டியல், செலவு அதிகார ஆணை. அடுத்த சுற்று அந்தத் தாள்களோடுதான் தொடங்கும்.

புயலோ வெள்ளமோ வரும் பருவத்துக்கு முன்பே கடைசிச் சுற்று முடிய வேண்டும். நடுவிலேயே பேரிடர் வந்துவிட்டால்? வகுப்பை நிறுத்திவிட்டு அதே பயிற்றுநர்களை அமைப்புகளோடு களத்துக்கு அனுப்பும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். நிதி ஒப்பந்தத்தில் இதற்கான விதியைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள். 'திட்டமிட்ட பயிலரங்கு நடக்கவில்லை' என்று தணிக்கையில் குறை எழுதும்போது உங்களைக் காப்பது அந்த ஒரு வரிதான்.

படி 8: ஒத்திகை

நேரமும் பணமும் குறைவாக இருந்தால் மற்றதைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்க முடியாது.

முதலில் மேசை ஒத்திகை. ஒரு நிலைமையைச் சொல்லி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து யார் என்ன செய்வார் என்று பேசுவது. அரை நாள் போதும். அடுத்து நேரடி ஒத்திகை: உண்மையான அலுவலகத்தில், உண்மையான தொலைபேசியில், உண்மையான கிடங்கில் ஒரு நாள் முழுக்க நடத்துவது.

இதற்கு நிகழ்வுப் பட்டியல் ஒன்றை மணிவாரியாகத் தயாரியுங்கள். காலை 6 மணிக்கு எச்சரிக்கைச் செய்தி. 7.30க்கு இயக்குநரின் தொலைபேசி அணைந்துவிட்டது என்று அறிவிப்பு. அவரை அறையின் ஓரத்தில் பேசாமல் உட்காரவையுங்கள். பல அமைப்புகளில் இந்த ஒரு நிகழ்வே மற்றெல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும். 9 மணிக்கு இரண்டு இடங்களிலிருந்து முரண்பட்ட தகவல். 11க்கு ஒரு செய்தியாளர் கேமராவோடு வருகிறார். பிற்பகல் 1 மணிக்கு வழங்கும் இடத்தில் எதிர்பார்த்ததைவிட இருமடங்குக் கூட்டம். 3 மணிக்குத் தன்னார்வலர் ஒருவர் மேல் புகார். நிகழ்வுகளை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொன்றும் படி 3இல் எழுதிய இலக்குகளில் ஏதாவது ஒன்றைச் சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகள் கட்டாயம். ஒவ்வோர் அழைப்பும் குறுஞ்செய்தியும் 'இது ஒத்திகை' என்று தொடங்கி அப்படியே முடிய வேண்டும். காவல் நிலையத்துக்கும் உள்ளாட்சி நிர்வாகத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். உண்மையான ஆபத்து நேர்ந்தால் எல்லாவற்றையும் நிறுத்த ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பேரிடரை நேரில் அனுபவித்தவர்கள் குழுவில் இருப்பார்கள். அலறல், போலி இரத்தம் போன்ற நாடகங்கள் தேவையில்லை, யாரும் எப்போதும் விலகி உட்காரலாம் என்று சொல்லிவிடுங்கள்.

கவனிப்பாளர்களுக்கு ஒரே கட்டளை: நேரத்தையும் செயலையும் எழுதுங்கள், கருத்து எழுத வேண்டாம். '10.40க்குப் பட்டியல் கேட்கப்பட்டது, 11.55க்குக் கிடைத்தது' என்பது பயன்படும். 'ஒருங்கிணைப்பு போதவில்லை' என்பது பயன்படாது.

முடிந்த அன்றே மீளாய்வு நடத்துங்கள். என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, வேறுபாடு ஏன், அடுத்த முறை எதை மாற்றுவது என்று நான்கு கேள்விகள். அமெரிக்க இராணுவத்தில் 1970களில் உருவான இந்த முறை இன்று நிவாரணத் துறையில் எங்கும் புழங்குகிறது. மூத்தவர் கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள். வரும் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதப்படும்வரை கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.

படி 9: பின்தொடர்தலும் செலவும்

ஒத்திகையில் தெரிந்த குறைகளைச் சரிசெய்யச் சிறு தொகை ஒவ்வோர் அமைப்புக்கும் கொடுங்கள்: கிடங்குக்குப் பலகைத் தளம், மின்கல விளக்கு, இரண்டாவது கையெழுத்துக்காரரைச் சேர்க்கும் வங்கி வேலை. மாதம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். செலவுத் திட்டத்தில் பாதிக்கு மேல் மண்டபம், தங்குமிடம், பயணம் என்று போனால் திட்டத்தைத் திருப்பி எழுதுங்கள். பங்கேற்கும் அமைப்புகளின் நிர்வாகச் செலவுக்கும் ஒரு பங்கு வேண்டும். அவர்கள் ஊழியர்களின் நேரத்தை இலவசமாக எடுத்துக்கொண்டு திறன் வளர்க்கிறோம் என்று சொல்வது முறையில்லை.

படி 10: அளப்பது

பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்க அறிஞர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு நிலைகள் இன்றும் போதும்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. பெரும்பாலான அறிக்கைகள் முதலிரண்டோடு நிற்கின்றன. உங்களிடம் படி 1இல் எடுத்த மணிவாரித் தாள் இருக்கிறது. ஒத்திகையிலும் அடுத்து வரும் உண்மையான பேரிடரிலும் அதே தாளை நிரப்புங்கள். முதல் குழு கிளம்பிய நேரம், முதல் பொருள் வழங்கிய நேரம், விடுபட்டவர்கள் கண்டறியப்பட்ட நேரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். வேகம் கூடி, விடுபட்டவர்களும் கூடியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு ஒத்திகையின் நிகழ்வுப் பட்டியலை நீங்கள் எழுதாதீர்கள். பக்கத்து அமைப்புக்காரர்கள் எழுதி நடத்தட்டும், இவர்கள் அவர்களுக்கு எழுதி நடத்தட்டும். உங்கள் திட்டம் கவனிப்பாளர்களின் பயணச் செலவையும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான ஒரு நாள் அறிமுக வகுப்பையும் மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும்.